நாலடி கண்ணாடிப் பெட்டி: பெட்டியை வாங்கலாம், கூட வரும் சாமான்கள் வேண்டாம்

பாம்பு வளர்ப்பதற்கான, முன்பக்கம் திறக்கிற கண்ணாடிப் பெட்டி. நீளம் 120, அகலம் 60, உயரம் 60 சென்டிமீட்டர். மேலே கம்பி வலை, முன்னால் இரண்டு நகர்த்துக் கதவுகள். கூடவே ஒரு ஹீட் மேட் (அடியிலிருந்து சூடேற்றும் மின்விரிப்பு), ஒட்டுகிற வட்ட வெப்பமானி, பிசினில் செய்த ஒரு குகை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் சேர்த்து 'முழு செட்' என்று விற்கிறார்கள். என்னிடம் இருக்கிற கார்ன் ஸ்நேக் என்ற வகைப் பாம்புக்காக வாங்கினேன். பெயர் சோளம். பெண். நீளம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு.

முதலில் அளவு. பாம்புக்குச் சின்ன இடம்தான் பிடிக்கும், பெரிய பெட்டியில் விட்டால் சாப்பிடாது என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. குட்டிகளை வெறும் தரையோடு ஒரு பெரிய பெட்டியில் விட்டால் அவை மிரளுவது உண்மை. ஆனால் மிரட்டுவது இடத்தின் அளவு அல்ல, ஒளிய இடமில்லாத வெறுமை. இலை, மரப்பட்டை, நாலைந்து பதுங்கிடம் என்று நிரப்பிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. பாம்பு உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்பது என் குறைந்தபட்சக் கணக்கு. இந்தப் பெட்டியில் சோளம் நீட்டிப் படுக்கிறாள். பழைய பெட்டியில் எப்போதும் சுருண்டே கிடப்பாள். இங்கே சில இரவுகளில் பின்சுவரோரம் ஒரே கோடாகக் கிடக்கிறாள்.

நீளத்துக்கு இன்னொரு காரணம் வெப்பம். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். அதனால் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ் வாக்கில், மறுபக்கம் 22 முதல் 24 வரை. இரண்டடிப் பெட்டியில் இந்த வித்தியாசம் நிற்பது கஷ்டம், மொத்தப் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே சூடாகிவிடலாம். இந்தப் பெட்டியில் நன்றாகவே நிற்கிறது.

முன்கதவு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மேலே மூடி திறக்கிற தொட்டியில் கை எப்போதும் தலைக்கு மேலிருந்து இறங்கும். காட்டில் பாம்பைப் பிடிக்கிற பறவையும் அப்படித்தான் இறங்கும். சோளம் அப்போதெல்லாம் மிரண்டு வாலை அதிர வைப்பாள். இப்போது பக்கவாட்டில் கையை நீட்டுகிறேன், நாக்கை நீட்டி மோப்பம் பார்த்துவிட்டு ஏறி வருகிறாள்.

ஆனால் கதவில்தான் ஒரு குறையும் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு இடைவெளி. என் சுண்டுவிரல் நுழையாது, ஆனால் பென்சில் நுழைகிறது. முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன கார்ன் குட்டி பென்சில் தடிமன்தான். தலை நுழைந்தால் பாம்புக்கு உடம்பு நுழைந்த மாதிரி. வளர்ந்த சோளம் தப்ப முடியாது என்றாலும், விளக்கணைத்த பிறகு மூக்கை அந்தக் கோட்டில் வைத்து அடியிலிருந்து நுனிவரை தேய்த்துக்கொண்டே போவாள். நுனிக்குப் போனதும் மறுபடி கீழே. மூக்குச் செதில் புண்ணாகிவிடும். ஜன்னல் சந்தில் காற்று புகாமல் வைக்கிற தெளிவான ரப்பர் பட்டையைச் செருகினேன், அத்தோடு நின்றது. பசை டேப் மட்டும் வேண்டாம். பெட்டிக்குள் டேப் ஒட்டினால் ஒருநாள் அது பாம்பின் மேல் ஒட்டும், பிய்த்தால் செதிலோடு தோலும் வரும்.

கதவு ஓடும் தடத்தில் மரச்சீவல் விழுந்து அடைத்துக்கொள்வது வேறு எரிச்சல். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பூட்டு நன்றாக இருக்கிறது. பூட்டு இல்லாத நகர்த்துக் கதவை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கம்பி வலை மேல்பகுதி இரண்டு வகையில் வேலை செய்கிறது. விளக்கை வலைக்கு வெளியே வைக்கலாம், பாம்பு பல்பைச் சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளாது. அது லாபம். சூடும் ஈரமும் அதே வழியாகப் போய்விடுவது நஷ்டம். கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும் என்பதால் வலையில் பாதிக்குமேல் அக்ரிலிக் தகடு வைத்து மூடிச் சமாளிக்கிறேன். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையை வளர்ப்பவர்களுக்கு இது தலைவலி. அதற்கு 60-க்கு மேல் ஈரப்பதம் வேண்டும். காற்று காய்ந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் இருக்கிற செதில் ஒட்டிக்கொண்டே நின்றுவிடும். அவர்கள் பிவிசி பெட்டி பார்ப்பது மேல். எடையும் குறைவு, சூடும் ஈரமும் நிற்கும். லேமினேட் பலகைப் பெட்டியும் சூட்டை வைத்துக்கொள்ளும், ஆனால் மூலைகளை மீன்தொட்டி சிலிக்கான் வைத்து அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கிப் பலகை உப்பிவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப் குட்டிகளுக்கு அருமை, பெரியதுக்கு எனக்கு மனசு வரவில்லை. மரத்தில் வாழ்கிற பச்சைப் பைத்தான் மாதிரி இனங்களுக்கு நீளத்தோடு உயரமும் வேண்டும், அது வேறு கதை.

நாலு பக்கமும் கண்ணாடி என்பது நமக்கு வசதி, பாம்புக்கு அல்ல. மூன்று பக்கத்திலும் வெளியே கறுப்புத் தாள் ஒட்டினேன். அதற்கப்புறம்தான் சோளம் சாயங்காலத்திலேயே வெளியே வர ஆரம்பித்தாள்.

சரி, ஹீட் மேட்டுக்கு வருவோம். 'முழு செட்' என்று சொல்லி, சூட்டை அளந்து கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் கொடுப்பது பொறுப்பில்லாத வேலை. பாம்பை விடுவதற்கு முன் காலிப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். பின்சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானி 27 காட்டியது. தொடாமலே சூட்டை அளக்கிற இன்ஃப்ராரெட் வெப்பமானியை மேட்டுக்கு மேலே தரைக் கண்ணாடியில் காட்டினால் 44! அந்த வட்டக் கருவி சுவரின் சூட்டைச் சொல்கிறது. பாம்பு படுப்பது தரையில். சுட்டால் விலகிப் போய்விடும் என்று நம்பவும் முடியாது, அடிவயிறு வெந்துபோகும் வரை சூட்டிலேயே கிடக்கிற பாம்புகள் உண்டு.

தெர்மோஸ்டாட் தனியாக வாங்குங்கள். மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். விளக்காக இருந்தால் டிம்மிங் வகை வேண்டும், இல்லையென்றால் பல்பு அணைந்து அணைந்து எரியும். தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைச் சொல்கிற உணர்கம்பியைச் சூடான இடத்திலேயே அசையாமல் பொருத்துவது அதைவிட முக்கியம். பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டால், கருவி 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்து மேட்டை எரிய விட்டுக்கொண்டே இருக்கும்.

குகையும் தேறாது. அழகாக, பெரிதாக, உள்ளே ஒரு பூனைக்குட்டி படுக்கலாம். பாம்புக்கு முதுகும் விலாவும் இடிக்கிற அளவு இறுக்கமான இடம்தான் பாதுகாப்பாகத் தோன்றும். நான் அட்டைப் பெட்டியில் துளை போட்டு வைத்திருக்கிறேன், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிடலாம். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் ஒளிவதா, சூடு பிடிப்பதா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

முன்பக்கத் தடுப்பு உயரமாக இருப்பதால் ஆஸ்பன் மரச்சீவலை ஆழமாகப் போட முடிகிறது, சோளம் சுரங்கம் தோண்டி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பாள். தண்ணீர் சிந்தினால் அந்த இடத்தை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும், பூஞ்சை பிடித்துவிடும். தேவதாரு வகைச் சீவல் பக்கம் போகவே போகாதீர்கள், அந்த வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

பெட்டிக்கு 5-க்கு 4. ரப்பர் பட்டையை அவர்களே வைத்துக் கொடுத்திருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன். கூட வந்த செட்டுக்கு 5-க்கு 1, அதுவும் தண்ணீர்க் கிண்ணத்துக்காக. நல்ல கனம், சோளம் மேலேறிப் போனாலும் கவிழவில்லை, சட்டை உரிக்கிற சமயத்தில் உள்ளே இறங்கி ஊறிக் கிடக்கவும் இடம் இருக்கிறது.