ஜப்ஜி படிக்க குர்முகி கற்பதா, ரோமன் எழுத்திலேயே ஓட்டுவதா?

லூதியானாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. திருப்பூர்க்காரர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல, பின்னலாடைத் தொழிலில் அங்கேயும் இங்கேயும் ஆட்கள் போய் வந்துகொண்டே இருப்பார்கள், நானும் கணவரின் வேலைக்காக வந்தவள்தான். வீட்டுக்காரம்மாவை இந்தத் தெருவே பீஜி என்றுதான் கூப்பிடும். விடியற்காலையில் எழுந்து குளித்து, தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சீக்கியர்களின் காலைப் பிரார்த்தனையான ஜப்ஜி சாஹிப் சொல்வது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். இரண்டு வருடம் பொருள் தெரியாமலே கேட்டேன். அப்புறம் ஒருநாள் என்னதான் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அன்றிலிருந்து எப்படிக் கற்பது என்பதில் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியைத் தமிழ் நண்பர்கள் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

வழிகள் மூன்றோ நான்கோ இருக்கின்றன. ரோமன் எழுத்தில் வரி, அதன் கீழே ஆங்கில அர்த்தம் என்று கைபேசிச் செயலியில் படிப்பது ஒன்று. பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தைக் கற்றுக்கொண்டு குட்காவில், அதாவது தினசரி பிரார்த்தனைகள் அடங்கிய சிறு புத்தகத்தில் நேராகப் படிப்பது இன்னொன்று. காதால் கேட்டே மனப்பாடம் செய்வது மூன்றாவது. இந்தி தெரிந்தவர்களுக்குத் தேவநாகரி குட்காவும் உண்டு. நான் முதலில் ரோமனில் தொடங்கினேன், நடுவில் தமிழ் எழுத்திலும் எழுதிப் பார்த்தேன், கடைசியில் குர்முகிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

ரோமன் வழியின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று மாலையே தொடங்கலாம், செலவில்லை, வரிக்கு வரி அர்த்தம் கிடைக்கும். மாலைப் பிரார்த்தனையான ரஹராஸ் சொல்லும் நேரத்தில் குருத்வாராவில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து வாயசைக்கவும் அது உதவும். முதல் இரண்டு மாதம் எனக்கு அது பெரிய துணையாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும் யோசனையை மட்டும் யாரும் தொடாதீர்கள். க என்ற ஓர் எழுத்தே நான்கு ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. வீடு என்பதற்கான சொல், கை என்பதற்கான சொல், கழுதை என்பதற்கான சொல், மூன்றையும் தமிழில் எழுதினால் 'கர்' என்றுதான் வரும். ஒரு நோட்டு முழுக்க அப்படி எழுதி வைத்து ஒரு மாதம் படித்தேன். வீணாய்ப்போன மாதம் அது.

காதால் கற்பதும் பெரிய வழிதான், பீஜியே அப்படிக் கற்றவர். சிறு வயதில் பாட்டியின் மடியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வந்த ஜப்ஜி அது. ஆனால் அவருக்குப் பஞ்சாபி தாய்மொழி, அரைவாசி அர்த்தம் காதிலேயே விழுந்துவிடும். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருந்தாலும் ஒலிப்பதிவைக் கேட்காமல் எந்த வழியில் போனாலும் உச்சரிப்பு தேறாது. வீட்டுக்கு 'கர்' என்று சொன்னேனே, அதை 'க்ஹ' மாதிரி ஊதிச் சொல்ல வேண்டும் என்று இந்தி தெரிந்தவர்கள் நினைப்பார்கள். பஞ்சாபியில் அது ஊதல் இல்லாத ககரம், குரல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கி ஏறும். இதை எந்த எழுத்திலும் பார்க்க முடியாது, கேட்டால்தான் பிடிபடும்.

சரி, இப்போது நான் மாறியதற்கான காரணம். ஒரே காரணம்தான், சொற்களின் கடைசியில் நிற்கிற குறில்கள்.

ஜப்ஜி இடம்பெறும் சீக்கிய வேதநூலான குரு கிரந்த் சாஹிப்பின் மொழியில் பல சொற்களின் முடிவில் ஒரு சின்ன இகரமோ உகரமோ ஒட்டிக்கொண்டிருக்கும். இகரக் குறியை ஸிஹாரி என்பார்கள், உகரக் குறியை ஔங்கட் என்பார்கள். வாசிக்கும்போது பெரும்பாலும் இவற்றை ஒலிப்பதில்லை. ஜப்ஜியின் தொடக்கத்தில் வரும் மூல மந்திரத்தில் 'நாமு', 'புரகு' என்று எழுதியிருக்கும், வாயில் வருவது 'நாம்', 'புரக்'. தமிழ் நோட்டைப் பார்த்து நான் நாமு, புரகு என்று உகரத்தை அழுத்திச் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கியானிஜி பொறுமையாக நிறுத்தி, "எழுத்தைக் கண்ணால் படி புத், வாயால் படிக்காதே" என்றார், புத் என்றால் பிள்ளை. அந்த வாக்கியம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒலிக்காத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்?

பிறகுதான் தெரிந்தது, அவைதான் வேற்றுமை உருபுகள். நாம் ஐ, ஆல், கு, இல் என்று ஒட்டுகிறோமே, அந்த வேலையை இந்தக் குறில்கள் செய்கின்றன. ஜப்ஜியின் முதல் பவுடி, அதாவது முதல் செய்யுள், முடிகிற இடத்தையும் இரண்டாவது பவுடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹுகம்' என்ற சொல், ஆணை என்று பொருள், ஐந்து வடிவங்களில் வருகிறது. 'ஹுகமி ரஜாயீ சலணா' என்ற இடத்தில் ஹுகமி என்றால் ஆணையில், ஆணையின்படி. 'ஹுகமீ ஹோவனி ஆகார்' என்ற இடத்தில் ஹுகமீ என்றால் ஆணையால், ஆணையால் உருவங்கள் தோன்றுகின்றன. அதே வரியின் பின்பாதியில் 'ஹுகமு ந கஹியா ஜாயீ', இங்கே ஹுகமு எழுவாய், அந்த ஆணை சொல்லில் அடங்காது. அப்புறம் அதே பவுடியில் 'ஹுகமை அந்தரி சபு கோ, பாஹரி ஹுகம ந கோஇ', எல்லோரும் ஆணைக்குள்தான், ஆணைக்கு வெளியே எவரும் இல்லை. இதில் ஹுகமி, ஹுகமு, ஹுகம மூன்றும் வாயில் 'ஹுகம்' என்று ஒரே மாதிரிதான் வரும். கண்ணுக்கு ஐந்து, காதுக்கு மூன்று.

இதை ரோமனில் எப்படிக் காட்டுவது? ஒலிப்பை ஒட்டி எழுதும் பதிப்புகளில் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும், உருபு காணாமல் போகும். எழுத்தை ஒட்டி எழுதும் பதிப்புகளில் உருபு இருக்கும், ஆனால் என்னைப் போன்றவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒன்று கெடுகிறது.

இன்னொரு சோதனை, ஜப்ஜியை இயற்றிய முதல் குருவான நானக்கின் பெயரே. ஆறு குருமார்களின் பாடல்கள் கிரந்தத்தில் இருக்கின்றன, அத்தனை பேரும் நானக் என்ற பெயரிலேயே முத்திரை வைக்கிறார்கள். 'நானகு நீசு கஹை வீசாரு' என்று ஜப்ஜியின் பதினெட்டாவது பவுடியில் வருகிறது. உகரம் இருப்பதால் நானக் எழுவாய், எளியவனான நானக் இந்தச் சிந்தனையைச் சொல்கிறான். முதல் பவுடியின் கடைசி வரியில் உகரம் இல்லாத நானக். அது விளி, 'நானக்கே' என்று தன்னையே கூப்பிட்டுச் சொல்வது. முருகன் என்பதற்கும் முருகா என்பதற்கும் உள்ள தூரம்தான் இது, ஒரு தமிழருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். பஞ்சாபி பேசி வளர்ந்த பிள்ளைகளே இந்தக் குறில்களில் தடுமாறுவதை வகுப்பில் பார்த்தேன், இன்றைய பேச்சுமொழியில் அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. சொல்லின் வாலில் அர்த்தம் தேடியே பழகிய நமக்கு இது அவர்களைவிட இயல்பாக வரும் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். குற்றியலுகரம் படித்தவர்கள் எழுதியதை முழுசாக ஒலிக்காத உகரத்தைக் கண்டு மிரளவும் மாட்டார்கள்.

எழுத்தைக் கற்பது மலையைப் புரட்டும் வேலை அல்ல. 35 எழுத்துகள், அதனால்தான் அதற்குப் பைந்தி, முப்பத்தைந்து, என்றே பெயர். இரண்டாம் குருவான அங்கத் இந்த எழுத்தைச் செப்பனிட்டு வழக்குக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. ஊடா, ஐடா, ஈடீ என்ற முதல் மூன்றும் உயிர்க்குறிகளைத் தாங்க நிற்பவை, நம் அ, ஆ வரிசை மாதிரி தனித்தனி உயிரெழுத்துகள் இல்லை, அது முதலில் கொஞ்சம் குழப்பும். ஸிஹாரி எழுத்துக்கு இடப்பக்கம் எழுதப்பட்டு எழுத்துக்குப் பின் ஒலிக்கும், நம் கொம்பு மாதிரியேதான். இந்தி தெரிந்தவர்களுக்குத்தான் ஒரு பொறி உண்டு, குர்முகி ஸஸ்ஸா பார்ப்பதற்குத் தேவநாகரி மகரம் போலவே இருக்கும், எனக்கு அது கைவர இரண்டு வாரம் ஆனது. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்ததில் மூன்று வாரத்தில் எழுத்து பிடிபட்டது. ஜப்ஜி முழுவதையும், 38 பவுடிகளும் ஸலோக் என்ற கடைசிச் செய்யுளும், திக்காமல் வாசிக்க நான்கு மாதம். முதலில் முக்கால் மணி நேரம் எடுத்தது இப்போது இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிறது.

எழுத்து வந்ததும் கிடைத்த இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. பேராசிரியர் சாஹிப் சிங் கிரந்தம் முழுமைக்கும், 1430 பக்கங்களுக்கும், இலக்கண அடிப்படையில் பஞ்சாபியில் எழுதிய உரை 1960களில் பத்துத் தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பதவுரை, பொழிப்புரை என்று நம் பழைய உரைகள் போகிற அதே நடை. குர்முகி படிக்கத் தெரிந்தால் அதைத் தட்டுத்தடுமாறியாவது திறக்கலாம். ஜப்ஜியின் முதல் பவுடி, 'ஸோசை ஸோசி ந ஹோவயீ ஜே ஸோசீ லக் வார்'. பரவலாகப் புழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இது 'எத்தனை லட்சம் முறை யோசித்தாலும் எட்டாது' என்ற பொருளில் இருக்கிறது. சாஹிப் சிங் ஸோச் என்பதைச் சுத்தம், தூய்மை என்று கொள்கிறார், லட்சம் முறை நீராடினாலும் மனம் தூய்மை ஆகாது என்று. அடுத்த வரிகள் மௌனம், பசி என்று மற்ற நோன்புகளை எடுத்துக்கொள்வதால் எனக்கு இந்த உரைதான் பொருந்துகிறது. யோசனை என்று பொருள் சொல்கிறவர்களும் அறிஞர்கள்தான், அவர்களை ஒதுக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே ஆங்கில வரியை மட்டும் பார்த்த இரண்டு மாதமும் எனக்குத் தெரியாது.

தேவநாகரி குட்காவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவற்றில் அந்தக் குறில்கள் அப்படியே அச்சிடப்பட்டிருந்தன, ஆகவே என் பெரிய வாதம் அதன்மேல் பாயாது. இந்தி நன்றாக வாசிப்பவர், நித்நேம் என்ற தினசரிப் பிரார்த்தனைகளோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர் என்றால் அதுவே போதும். உரைகளுக்குள் போக நினைப்பவர்களுக்குத்தான் மறுபடியும் குர்முகி வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொரு காலைப் பிரார்த்தனையான ஜாப் சாஹிப் விஷயத்தில் என் கை தாழ்ந்துதான் இருக்கிறது. குரு கோவிந்த் சிங் இயற்றியது, 199 பாடல்கள், சமஸ்கிருதமும் பாரசீகமும் அரபியும் கலந்து சந்தம் குதிரைப் பாய்ச்சலில் போகும். அங்கே ஜப்ஜியில் கற்ற இந்த இலக்கணம் எனக்கு அவ்வளவாக உதவவில்லை, பொருளுக்கு இன்றும் செயலியைத்தான் திறக்கிறேன். சொற்களைப் பிரிக்காமல் ஒரே சங்கிலியாக எழுதும் பழைய லரிவார் முறையிலும் நான் சில பக்கங்களுக்கு மேல் போனதில்லை. ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஜப்ஜியில் தொடங்காதீர்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், பத்தாவது பவுடிக்குள் களைத்துவிடுகிறார்கள். இரவு படுக்கும் முன் சொல்லும் கீர்த்தன் சோஹிலாவை எடுங்கள், மொத்தமே ஐந்து ஷபத், அதாவது ஐந்து பாடல்கள். ஒவ்வொரு ஷபதிலும் ரஹாவு என்று குறித்திருக்கும் வரியை முதலில் தேடிப் படியுங்கள், பாட்டின் மையக்கருத்து அங்கேதான் இருக்கும், மற்ற வரிகள் அதைச் சுற்றி நிற்கும். பெரிய எழுத்தில் அச்சான, சொல் பிரித்த குட்காவாகப் பார்த்து வாங்குங்கள், பொடி எழுத்தில் ஔங்கட் கண்ணில் படாது. வாங்கியதும் ஒரு சுத்தமான துணியும் எடுத்து வையுங்கள், குட்காவை அதில் சுற்றித்தான் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். என்னுடையதைச் சுற்றியிருக்கும் நீலத் துணி பீஜி தந்தது.