துபாயிலிருந்து வீட்டுக்குப் பேச: மாதக் கட்டணமா, மீட்டிங் லிங்கா, ஐஎஸ்டியா?

துபாய் வந்து ஐந்து வருஷம். வீட்டோடு பேச மாதக் கட்டண ஆப், இலவச மீட்டிங் லிங்க், ஐஎஸ்டி (சாதாரண வெளிநாட்டு அழைப்பு) என்ற மூன்று வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, போன மாதம் மறுபடி காசு கட்டும் வழிக்கே வந்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே கேட்பது இதைத்தான் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும், கால் மட்டும் போகாது. இணையவழிப் பேச்சு எதிசலாத் (இப்போது e&), டூ என்ற இரண்டு தொலைபேசி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அரசு அனுமதித்த சில ஆப்களுக்குத்தான் வழி. விபிஎன் (நம் ஐபி முகவரியை, அதாவது இணைய முகவரியை மறைக்கும் ஆப்) போடலாமே என்று ரூமில் யாராவது சொல்வார்கள். 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் சிறை, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஐஎஸ்டி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பத்தாவுக்கு அதுதான் வழி. பேசப் பேச நிமிஷம் கரையும், பிள்ளை முகம் தெரியாது.

அடுத்தது மீட்டிங் லிங்க். ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எல்லாம் அந்த அனுமதிப் பட்டியலுக்குள் வருகின்றன, கட்டணம் இல்லை. இலவச ஜூம் 40 நிமிஷத்தில் முடிந்துவிடும். மீட்டில் இரண்டு பேர் பேச அந்தத் தொல்லை இல்லை. ஒரே லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிட்டேன். ஊரில் இரவு ஒன்பதரை, இங்கே எட்டு மணிக்கு வீட்டில் அதைத் தொடுவார்கள். படம் தெளிவாகவே வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அப்பா கொல்லையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. 108-ல் ஏற்றிக்கொண்டு போகும்போது மனைவி எனக்குச் சொல்லப் பார்த்திருக்கிறாள். அவள் போனில் வெளிநாட்டு அழைப்புக்கு ரீசார்ஜ் இல்லை. லிங்கில் போய் உட்கார்ந்தால் நான் அங்கே இருக்க வேண்டுமே! ஏழு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். தூங்குகிறவனை மெசேஜ் எழுப்பாது. டூட்டிக்கு எழுந்து ஐந்து மணிக்குத்தான் பார்த்தேன்.

அன்றுதான் புரிந்தது: நாம் வீட்டைக் கூப்பிட முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். வீடு நம்மைக் கூப்பிட முடிகிறதா? எதிசலாத்திலோ டூவிலோ மாதக் கட்டணத் திட்டம் எடுத்து, போட்டிம் (Botim) என்ற அழைப்பு ஆப்பை வைத்திருந்தால் ஊரிலிருந்து சாதாரண டேட்டாவில் அடிக்கலாம், இங்கே மணி அடிக்கும். அவர்கள் பக்கம் தனிச் செலவு இல்லை. அம்மா பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். எனக்கு இந்த ஒரு காரணமே தீர்ப்பு சொல்லிவிட்டது.

செலவு வலிக்கத்தான் செய்கிறது. மாதம் 50 திர்ஹம், 2018-இல் வந்த 5 சதவீத வாட் வரியோடு 52.50. வருஷத்துக்கு 630 திர்ஹம். சீசன் இல்லாத நாளில் ஒருவழி விமான டிக்கெட்டுக்கு ஆகிற பணம். சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத ஊர் என்று சொல்லித்தான் வருகிறோம். ஆனால் 1,200 திர்ஹம் வாங்குகிறவனும் 20,000 வாங்குகிறவரும் வீட்டில் பேச அதே 50-ஐக் கட்டுகிறார்கள். அப்பா அம்மாவோடு பேசுவதற்கு ஏழையிடம் வாங்கும் வரியாகத்தான் இதைப் பார்க்கிறேன். எதிசலாத்தில் 60 சதவீதப் பங்கு அரசு முதலீட்டு நிறுவனத்துடையது என்பதால், கம்பெனி எது, அரசு எது என்று பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். தடை என்றைக்காவது நீங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வீட்டு வைஃபைக்கான தனித் திட்டத்தை நான் எடுத்ததில்லை. பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து) இருக்கிறவனுக்கு வைஃபை யார் பெயரிலோ இருக்கும். குடும்பத்தோடு இங்கே இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம். ஊரில் வயதானவர்கள் இல்லை, பேசும் நேரமும் நிலையானது என்றால் லிங்கே போதும், 50 திர்ஹத்தை மிச்சம் பிடியுங்கள். அப்படியிருந்தாலும் வீட்டில் ஒரு போனிலாவது வெளிநாட்டு அழைப்புக்கு ரீசார்ஜ் போட்டு வையுங்கள்.