கொடுமணல் டூர், 'ஒரிஜினல்' கல்மணி: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஈரோடு, திருப்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், "கொங்கு வரலாற்றுப் பயணம், தலைக்கு 1,800 ரூபாய், தொல்லியல் ஆய்வாளர் உடன் வருவார்" என்று ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. நானும் மாமாவும் போய் நன்றாக ஏமாந்து வந்தோம்.

விஜயமங்கலத்தில் வேனை விட்டு இறங்கியதுமே ஆய்வாளரின் லட்சணம் தெரிந்துவிட்டது. நெட்டைக் கோபுரம் என்று ஊரில் சொல்லும் சமணக் கோயிலைக் காட்டி, "பழைய சிவன் கோயிலுங்க" என்றார். உள்ளே இருப்பதோ சந்திரப்பிரப தீர்த்தங்கரர்! அடுத்து அறச்சலூர். நாகமலைக் குகையில் தாளச் சொற்களைத் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வரிசையாக வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. மாமா வந்ததே அதற்காகத்தான். "வெயிலுங்க, பெரியவங்க ஏற முடியாது" என்று ரோட்டில் நின்றபடியே மலையைக் கைகாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கொடுமணல்தான் உச்சம். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பார்கள். நொய்யல் கரையில் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. ஆனால் வேலை முடிந்ததும் குழியை மூடிவிடுவார்கள். நாம் போய்ப் பார்க்க மிஞ்சுவது காட்டில் நிற்கும் ஈமச் சின்னங்கள்தான், அதாவது இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள். அந்தக் கல்வட்டங்களை நம்மவர் "சோழர் அரண்மனை அஸ்திவாரம்" என்றார்.

அப்புறம் மஞ்சப்பையோடு ஒருவர் வந்தார். "மழை பேஞ்சா காட்டுல கிடைக்குமுங்க, ஒரிஜினல் சூதுபவளம்." சூதுபவளம் என்பது சிவப்பு நிறக் கல். ஐந்து மணிகள் 2,500 ரூபாய். மாமா பேரம் பேசி 1,500க்கு வாங்கினார். காங்கேயத்தில் கல் பட்டை தீட்டுகிற ஒருவரிடம் காட்டினோம். லென்ஸை வைத்த கையோடு "கண்ணாடிங்க" என்றார். எங்களையும் பார்க்கச் சொன்னார். சிவப்புக்குள்ளே குண்டூசி முனை அளவில் காற்றுக் குமிழ்கள், பக்கவாட்டில் அச்சில் வார்த்த கோடு. ஐந்திலும் ஓட்டை ஒரே அளவு. கல்லில் குமிழ் எங்கிருந்து வரும்?

நிஜமாகவே பழசாக இருந்திருந்தாலும் வம்புதான். தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்று வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஆக, பொய் மணி என்றால் காசு போச்சு, நிஜ மணி என்றால் கேஸ்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "டீசல் விலை தெரியுமுங்களா?" என்கிறார் டூர்க்காரர். மணி விற்ற ஆளை யாரென்றே தெரியாதாம். அந்த ஆள் திரும்பும்போது சென்னிமலை வரை எங்கள் வேனில்தான் வந்தார், அதுவும் முன் சீட்டில்.

அடுத்த பயணத்துக்கான நோட்டீஸில் எங்கள் குழுப் படத்தையே போட்டிருக்கிறார்கள். கல்வட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு நிற்பவர் மாமா. அந்தப் படம் உங்களுக்கு வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.