ஊட்டியில எடுத்த டிவி காமெடி ஷோவுக்கு ஆடியன்ஸா போனது: என்னோட ரிவ்யூ

பொங்கல் ஸ்பெஷல்னு டிவியில வர்றதெல்லாம் மார்கழியிலயே எடுத்து வச்சிடுவாங்கன்னு தெரியும்ல, அப்படி ஒரு காமெடி டாக் ஷோவை இந்த தடவை ஊட்டிக்கே வந்து ஒரு ஆடிட்டோரியத்துல எடுத்தாங்க, குன்னூர்ல இருந்து நானும் பெரியம்மாவும் பக்கத்து ஹட்டி, அதாவது படுகர் கிராமத்து பாட்டிமாரும் சேர்ந்து போனோம். மேடையில நடந்ததுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், ஆடியன்ஸை நடத்தின விதத்துக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மனசு வரல. சேனல் பேரு வேண்டாம். சென்னையில ஷூட்டிங்குக்கு போற சொந்தக்காரங்களும் கிட்டத்தட்ட இதே கதைதான் சொல்றாங்க.

பாஸ் ஃப்ரீதான். வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ்ல மத்தியானம் ரெண்டு மணிக்கே வந்துடணும், போன் உள்ள கொண்டு போக முடியாது, பொங்கல் எபிசோடுங்கறதால பட்டுப்புடவை கட்டுங்க, வெள்ளையும் பொடிக்கட்டமும் வேண்டாம்னு போட்டிருந்தாங்க. பொடிக்கட்டம், நெருக்கமா கோடு போட்ட சட்டை எல்லாம் கேமராவுல அலை அலையா மினுக்கும், வெள்ளை லைட்டுல பளீர்னு எரிஞ்ச மாதிரி தெரியும், அதனால சொல்றாங்க, அதுல தப்பு இல்ல. ஆனா வந்திருக்கறது நீலகிரிக்கு. படுக பாட்டிமாருக்கு விசேஷத்துக்கு உடுத்தறதே வெள்ளைதான், வெள்ளை முண்டு, மேல வெள்ளைத் துணி, தலையிலயும் கட்டு. டிவியில வரப்போறோம்னு நல்லா துவைச்சு மடிப்பு கலையாம உடுத்திட்டு வந்திருந்தாங்க. ஆடியன்ஸை உக்கார வைக்கற பையன் பார்த்ததும் "பாட்டிங்க எல்லாம் கடைசி வரிசைக்கு போயிடுங்க, வெள்ளை பர்ஸ்ட் ஆகும்"னு சொல்லிட்டு முன்னாடி மூணு வரிசைக்கு பட்டுப்புடவை கட்டின காலேஜ் பொண்ணுங்களை மட்டும் பொறுக்கி பொறுக்கி உக்கார வச்சான். பெரியம்மா விடல, "ஏன் தம்பி, அவங்க ஊருக்கு வந்து அவங்களையே பின்னாடி தள்றீங்க"ன்னு கேட்டாங்க, அவன் பாவம் மேல சொன்னதை செய்யறேன் அக்கான்னான். பாட்டிமார் ஒண்ணும் பேசல, எந்திரிச்சு பின்னாடி போயிட்டாங்க. எனக்கு அப்பவே கிளம்பிடலாம்னு இருந்துச்சு.

கெஸ்ட் வர்ற கார் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில மாட்டிக்கிச்சுன்னு சொல்லி ஷோ ஆரம்பிக்கவே இருட்டிடுச்சு. அதுவரைக்கும் என்ன பண்ணாங்கன்னா எங்களை வச்சு கைதட்டலை எடுத்தாங்க. ஃப்ளோர் மேனேஜர் மேடையில நின்னுக்கிட்டு முதல்ல லேசா, அப்புறம் நல்லா, அப்புறம் எந்திரிச்சு நின்னு தட்டுங்கன்னாரு, அடுத்து புன்சிரிப்பு, வாய்விட்டு சிரிப்பு, பக்கத்துல இருக்கறவங்க தோளைத் தட்டி சிரிக்கறது, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி உருகறது, எல்லாம் தனித்தனியா. மேடையில ஒருத்தரும் இல்ல, நாங்க சிரிக்கறோம். கேமரா எல்லாம் ஷோ நடக்கும்போது பேசறவங்க பக்கம் திரும்பியிருக்கும், ஆடியன்ஸ் முகம் கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால எடிட்டிங்ல ஒட்டறதுக்கு இப்பவே சேர்த்து வச்சுக்கறாங்க. இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல, 1950-கள்லயே அமெரிக்காவுல சார்லி டக்ளஸ்னு ஒரு சவுண்ட் இன்ஜினியர் ஜனங்க சிரிப்பை டேப்ல சேர்த்து வச்சு பட்டனைத் தட்டினா சிரிக்கற மாதிரி பெட்டியே செஞ்சு வச்சிருந்தாரு. கைதட்டலை முன்னாடியே எடுக்கறதை நான் ஒத்துக்கறேன், சிரிப்பை எடுக்கறதை ஒத்துக்க முடியல, ஏன்னா நிஜமா சிரிப்பு வரும்போது அது எப்படி இருந்துச்சுன்னு அன்னிக்கு அந்த ஹாலுக்குள்ள கேட்டவங்களுக்கு தெரியும், அதை பின்னாடி சொல்றேன்.

குளிரு. 2,240 மீட்டர் உயரத்துல டிசம்பர் மாசம், வெளிய புல்லெல்லாம் உறைபனி பிடிக்கற நேரம், உள்ள ஸ்வெட்டரையும் மங்கி கேப்பையும் கழட்டுங்க, பொங்கல் ஃபீல் வரலன்னு சொல்றாங்க. மேடையில கரும்பு, பானை, மாவிலை எல்லாம் கட்டியிருந்தாங்க, அழகாத்தான் இருந்துச்சு. லைட்டு சூடு மேடைக்கு மட்டும்தான், எங்களுக்கு வரல. நடுவுல ஒரு அம்மா தாங்க முடியாம சால்வையை போர்த்திக்கிட்டாங்க, உடனே கட், கன்டினியூட்டி போயிடும், முந்தின ஷாட்ல சால்வை இல்லன்னு கழட்ட வச்சாங்க. முதல்லயே எல்லாரும் சால்வையோட உக்காருங்கன்னு சொல்லியிருந்தா கடைசி வரைக்கும் அதே கன்டினியூட்டிதானே. சீட்டு மாறக்கூடாது, பாத்ரூம் போகணும்னா செக்மென்ட் முடியணும். அந்தக் குளிர்ல வயசானவங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சே பார்க்கல. நல்லதுன்னா டீயும் வர்க்கியும் (எங்க ஊரு மொறுமொறு பிஸ்கட்), சூடா குடுத்தாங்க, மாவட்டத்துல பிளாஸ்டிக் தடைங்கறதை மதிச்சு தண்ணியை கேன்ல வச்சு எவர்சில்வர் டம்ளர் போட்டிருந்தாங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்க நிறைய பேரு இதைக்கூட பண்றதில்ல.

சரி ஷோவுக்கு வர்றேன். முதல் ஒரு மணி நேரம் எழுதி வச்ச ஜோக்குதான், மாமியார் மருமக, டாஸ்மாக், ஊட்டியில ஏசி போட்டுட்டீங்களான்னு. 2005, 2006-ல கலக்கப் போவது யாரு, நீயா நானா வந்த காலத்துல இருந்து டிவியில பேச்சும் காமெடியும் பார்த்து வளர்ந்த ஜனங்க நாங்க, பண்டிகைன்னா சாலமன் பாப்பையா ஐயா பட்டிமன்றம் ஓடாத வீடு கிடையாது, எங்களுக்கு இந்த ஜோக்கெல்லாம் பாதியிலயே முடிவு தெரிஞ்சிடுது. கைதட்டுங்கன்னு போர்டு காட்டினாங்க, தட்டினோம்.

அப்புறம் ஹோஸ்ட் மைக்கை எடுத்துக்கிட்டு ஆடியன்ஸுக்குள்ள வந்தாரு, முன்வரிசையில நாலு பேர்கிட்ட பேசிட்டு என்ன தோணுச்சோ நேரா கடைசி வரிசைக்கே வந்துட்டாரு. எங்க கூட வந்த பாட்டிகிட்ட "இந்தக் குளிர்ல எப்படிம்மா இருக்கீங்க"ன்னு கேட்டாரு. பாட்டி அவரை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "எங்களுக்கு குளிரே இல்ல தம்பி, நீங்க எல்லாம் வந்து குளிருது குளிருதுன்னு சொல்லிச் சொல்லி இப்ப எனக்கும் குளிர ஆரம்பிச்சிடுச்சு"ன்னாங்க. ஹாலே அதிர்ந்துச்சு. மேடையில இருந்த கெஸ்ட் தொடையில தட்டி சிரிக்கறாரு, கேமராமேன் தோள் குலுங்குது, ஃப்ளோர் மேனேஜர் போர்டை கீழ போட்டுட்டாரு. ஹோஸ்ட் கையில இருந்த கார்டை அப்படியே பாக்கெட்ல வச்சுட்டு பாட்டி பக்கத்துல படியில உக்காந்துட்டாரு, அங்கதான் அந்த மனுஷன் திறமை தெரிஞ்சுச்சு, குறுக்க ஒரு ஜோக்கும் அடிக்கல, பாட்டி மூச்சு விடற வரைக்கும் காத்திருந்து சின்னதா ஒரு கேள்வி, அவ்வளவுதான். சென்னைக்கு வாங்கம்மான்னாரு, "வந்தேனே, பேத்தி கல்யாணத்துக்கு, ராத்திரியிலயும் வெயில் அடிக்குது உங்க ஊர்ல"ன்னாங்க. ஒருத்தரும் போர்டு காட்டல, யாரும் சொல்லித் தரல, சிரிப்பு அடங்கவே இல்ல. இன்னொண்ணு, வெள்ளை பர்ஸ்ட் ஆகும்னாங்களே, கேமராமேன் லென்ஸுல ஒளியை கொஞ்சம் குறைச்சாரு, சைடுல இருந்த மானிட்டர்ல பாட்டி முகச் சுருக்கம் வரைக்கும் தெளிவா தெரிஞ்சுச்சு. இதை ரெண்டு மணிக்கே செஞ்சிருக்கலாம்.

முடியறப்ப குன்னூர் கடைசி பஸ் போயிடுச்சு. கெஸ்ட்டுக்கு காரு, யூனிட்டுக்கு வேன், ஆடியன்ஸுக்கு ஒண்ணும் கிடையாது. இங்க ராத்திரி ஆட்டோ பிடிச்சு போற விஷயமும் இல்ல, எஸ்டேட் பக்கம் இறங்கி நடக்கறதுன்னா காட்டெருமை ரோட்டுலயே நிக்கும். கடைசியில எல்லாரும் காசு போட்டு ஜீப் பிடிச்சுத்தான் வந்து சேர்ந்தோம். ஆடியன்ஸ் இல்லாம ஷோ இல்லன்னு மேடையில ஹோஸ்ட் சொன்னாரு, அவரு மனசார சொன்னாருன்னுதான் நினைக்கறேன், ஆனா யூனிட்ல அதை நம்பற ஆளு ஒருத்தர் இருந்திருந்தா ஒரு பஸ்ஸு ஏற்பாடு பண்ணியிருப்பாங்க.

பொங்கலுக்கு எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். பாட்டியோட குளிர் பதில் வந்துச்சு, ஆனா அதுக்கு எங்க நிஜ சிரிப்பை போடல, மத்தியானம் எடுத்த சிரிப்பை ஒட்டியிருக்காங்க, முன்வரிசை பொண்ணுங்க அளவா சிரிக்கறாங்க. வெயில் பதிலை காணோம். டாஸ்மாக் ஜோக்கு முழுசா இருக்கு. பாட்டிக்கு இதுல வருத்தம் இல்ல, ஹட்டியில எல்லாரும் பார்த்துட்டாங்கன்னு சந்தோஷம், எனக்குத்தான் ஆறல.

அடுத்து யாராவது போறதா இருந்தா கண்டிப்பா போங்க, நேர்ல பார்க்கற அந்த ருசி டிவியில வராது. பாஸ் வாங்கும்போதே எத்தனை மணிக்கு முடியும், திரும்பி வர வண்டி உண்டான்னு கேட்டுக்கோங்க, புடவைக்குள்ள தெர்மல் போட்டுக்கோங்க, சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க பொட்டலமா ஏதாவது வச்சுக்கோங்க. சீட்டு ஓரமா கேளுங்க, ஹோஸ்ட் இறங்கி வந்தா அந்தப் பக்கம்தான் வருவாரு. கூட வர்ற பெரியவங்களை பின்னாடி போகச் சொன்னா நீங்களும் அவங்க கூடவே போய் உக்காருங்க.