மெரினோ என்று விற்றது, வந்தது அக்ரிலிக்: குழந்தைக்குப் பின்ன நூல் வாங்குவோர் கவனத்துக்கு

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு போர்வை, முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் ஒன்று, ஒரு குல்லா. இவற்றுக்காக இணையத்தில் நூல் விற்கும் ஒருவரிடம் 50 கிராம் பந்துகள் 12 வாங்கியதில் ஏமாற்றப்பட்டோம். ‘100 சதவீதம் மெரினோ, சூப்பர்வாஷ், டிகே, 4 மி.மீ. ஊசி, 110 மீட்டர்’ என்று லேபிள் சொன்னது. மெரினோ என்பது மென்மையான ஓர் ஆட்டுக் கம்பளி, சூப்பர்வாஷ் என்றால் மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது, டிகே என்பது நடுத்தரத் தடிமன். உள்ளே இருந்தது முழுக்க அக்ரிலிக் என்ற செயற்கை இழை. பந்துக்குச் சுமார் 6 கிராம் எடை குறைவு. இரண்டு சாயத் தொகுதிகளை (ஒரே தடவையில் சாயம் ஏற்றியவை ஒரு தொகுதி; தொகுதி மாறினால் நிறமும் சற்று மாறும்) கலந்து, எல்லாவற்றின் மேலும் ஒரே தொகுதி எண்ணை ஒட்டியிருந்தார்கள். எரித்துப் பார்த்துப் புகார் சொன்னபோது முதல் பதில், ‘சூப்பர்வாஷ் நூல் அப்படித்தான் எரியும்.’ அடுத்த பதில், ‘பிரித்த பந்தைத் திரும்ப எடுப்பதில்லை.’ அதன் பிறகு, திரும்ப எடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள்.

இந்த ஏமாற்று வேலை பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைக்கான நூலை யாரும் வந்த அன்றே ஊசியில் ஏற்றுவதில்லை. பிரசவத்துக்கு மாதங்கள் இருக்கும்போதே வாங்கி அலமாரியில் வைக்கிறோம். வீட்டு வேலை, அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போக, இரவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில்தான் பின்னல். பை திறக்கப்படும் நாளில் திரும்ப அனுப்பும் கெடு கடந்துபோயிருக்கும். ஆகவே பின்ன நேரமில்லை என்றாலும், சோதிக்க மட்டும் பார்சல் வந்த அன்றே நேரம் ஒதுக்குங்கள். பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டு ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு, பிளீச்சில் ஊறும் இரவு நேரம் போக, அரை மணி நேரம் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அக்ரிலிக் கெட்ட நூல் அல்ல. மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வசதியும்கூட. அதை அதன் பெயரில் விற்றால் யாருக்கும் மனக்குறை இருக்காது. ஆனால் கம்பளி செய்யும் வேலையை அது செய்யாது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக் இழைக்குள் ஈரம் இறங்குவதே இல்லை எனலாம், வியர்வை தோல்மேலேயே தங்கிவிடும். கம்பளியில் தீ எளிதில் பற்றாது, உருகாது. அக்ரிலிக் பற்றிக்கொண்டு உருகும். குழந்தைப் போர்வைக்கு இவை இரண்டும் முக்கியம்.

முதல் சோதனை தராசு. ஒவ்வொரு பந்தையும் காகிதப் பட்டையோடு சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். ஒரே ஒரு பந்தின் பட்டையைக் கழற்றி எடை போட்டு, அந்த எடையை எல்லாவற்றிலும் கழித்துக்கொள்ளுங்கள். கம்பளி காற்றின் ஈரத்துக்கு ஏற்ப எடை மாறும் பொருள். வறண்ட காலத்தில் 50 கிராம் பந்து 2, 3 கிராம் குறைந்து காட்டலாம், அது மோசடி அல்ல. 6 கிராம் குறைந்தால் மோசடி. அக்ரிலிக் உறிஞ்சும் ஈரம் 1 அல்லது 2 சதவீதம்தான். அதற்கு இந்தச் சாக்கும் செல்லாது. 12 பந்தில் 6 கிராம் வீதம் போனால் 72 கிராம். அதாவது ஒன்றரைப் பந்துக்கு நெருக்கமாக நாம் பணம் கொடுத்து, வராத நூல். போர்வையின் கடைசி ஓரம் பின்னும்போதுதான் அது தெரியவரும்.

நீளத்தையும் இப்படியே பிடிக்கலாம். 10 மீட்டர் நூலை அளந்து, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வையுங்கள். 50 கிராமில் 110 மீட்டர் என்றால் 10 மீட்டர் 4.5 கிராம் இருக்க வேண்டும். 5.5 கிராம் காட்டினால் பந்தில் இருப்பது 91 மீட்டர்தான். பின்னல் குறிப்பு சொல்லும் பந்துக் கணக்கு பொய்த்துவிடும்.

அடுத்தது தீ. பிள்ளைகள் அடுத்த அறையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். 10 செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தீயைக் கண்டு சுருங்கும், தயங்கித் தயங்கி எரியும், தீயிலிருந்து எடுத்ததும் தானே அணையும். தலைமுடி கருகும் வாசனை வரும். ஆறிய கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் சட்டென்று பற்றும், எடுத்த பிறகும் எரியும், கரும்புகை விடும். முனையில் நசுங்காத கெட்டிக் கருப்பு மணி ஒன்று நிற்கும். அது சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். பருத்தியும் மூங்கில் நூலும் காகிதம்போல எரிந்து சாம்பல் நிறத் தூளாகும்.

தீச் சோதனை கலப்பு நூலில் ஏமாற்றிவிடும். கொஞ்சம் கம்பளி கலந்திருந்தாலே முடி கருகும் வாசனை வந்துவிடும், விற்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். அதனால் பிளீச் சோதனையைத்தான் நாங்கள் பெரிதாக நம்புகிறோம். துணி வெளுக்கும் குளோரின் பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள திரவம் வேண்டும். ஆக்சிஜன் பிளீச் பொடி இதற்கு உதவாது. 2 கிராம் நூலை எடை போட்டு, கண்ணாடிக் குப்பியில் மூழ்கும்படி பிளீச் ஊற்றி, மூடாமல் காற்றோட்டமான இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். கம்பளி புரதம், குமிழ் விட்டுக் கரைந்தே போகும். அக்ரிலிக், பாலியஸ்டர், பருத்தி மூன்றும் அப்படியே கிடக்கும். மிஞ்சியதை நன்றாக அலசி உலர்த்தி மறுபடி எடை போட்டால், கம்பளி அல்லாதது எவ்வளவு என்ற கணக்கு கையில் இருக்கும். 2 கிராமில் 0.8 மிஞ்சினால் 40 சதவீதம். பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, அம்மோனியா, கழிவறை ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

‘சூப்பர்வாஷ் நூல் கரையாது, வேறு மாதிரி எரியும்’ என்று சொன்னால் நம்பவேண்டாம். கம்பளி இழையின் மேல் உள்ள செதில்களைக் குளோரினால் மழுக்கி, மெல்லிய ரெசின் பூச்சு கொடுப்பதுதான் வழக்கமான சூப்பர்வாஷ் முறை. செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போடாததால் மெஷினில் துவைத்தாலும் சுருங்கிக் கெட்டியாவதில்லை. உள்ளே இருப்பது அதே கம்பளிதான். கரைய சற்றே கூடுதல் நேரம் பிடிக்கலாம், கரையாமல் இருக்காது.

உண்மையில் கம்பளிதான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: சூப்பர்வாஷ் என்பது உண்மையா? சாதாரணக் கம்பளியை அந்தப் பெயரில் விற்பதும் நடக்கிறது. பிரசவித்த வீட்டில் யாரும் கையால் பக்குவமாகத் துவைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஸ்வெட்டர் ஒரே துவையலில் பொம்மைக்குப் போடும் அளவாகிவிடும். மாதிரித் துண்டாக 4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி (ஊசியில் ஏறும் வளையம்) ஏற்றி 40 வரிசை பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து பாருங்கள். டிகே நூலுக்கு 22 கண்ணி, 28 முதல் 30 வரிசை வரவேண்டும். பிறகு 40 டிகிரி நீரில் மெஷினில் இரண்டு முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். சூப்பர்வாஷ் கொஞ்சம் தளர்ந்து நீளும். சாதாரணக் கம்பளி சுருங்கி, கண்ணிகள் தெரியாமல் மூடிக்கொள்ளும். மென்மையையும் துவைத்த பிறகே தொட்டுப் பாருங்கள், அதுவும் கழுத்தில் வைத்து. மலிவான நூலின் வழுவழுப்பு பல சமயம் மேற்பூச்சுதான், ஒரு துவையலில் போய்விடும். குத்துவதற்குக் காரணம் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகளின் முனைகள். நல்ல மெரினோவில் அவை மிகக் குறைவு.

சாயம் பற்றிச் சுருக்கமாக. எல்லாப் பந்துகளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், லேபிள் எண்ணை நம்பவேண்டாம். நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் நூலை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் அந்த நூல் குழந்தைக்கு வேண்டாம். குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைத்துச் சப்பும். துணி, நூலில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதித்துத் தரும் ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ முத்திரை இருந்தால் அதன் சான்றிதழ் எண்ணையும் தேடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருள் அதில் முதல் வகுப்பு. அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எங்களுக்கு வந்ததில் முத்திரை இருந்தது, எண் இல்லை.

‘மில்க் காட்டன்’ என்ற பெயரில் வருவதில் பெரும்பாலானவை பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தவை. ‘மூங்கில்’ என்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து ரசாயன முறையில் எடுத்த விஸ்கோஸ். இரண்டிலும் குல்லா பின்னலாம். விலை மட்டும் பெயருக்காகக் கொடுக்காதீர்கள்.

நூலோடு ‘இலவசம்’ என்று ஒரு பின்னல் குறிப்பும் வந்தது. அதைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறோம், ஏனென்றால் நூல் பணத்தைத்தான் வீணாக்கும், இது குழந்தைக்கே ஆபத்து. முதலில் கணக்கு. பிறந்த குழந்தையின் குல்லாவுக்கு என்று எழுதி 96 கண்ணி ஏற்றச் சொல்கிறது. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் அது 43.6 செ.மீ. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ.; குல்லா அதைவிட 2, 3 செ.மீ. குறைவாக இருந்தால்தான் தலையில் நிற்கும். 72 கண்ணி, அதாவது 32.7 செ.மீ. சரியாக வரும். உச்சியை 10 பாகமாகப் பிரித்துக் குறைக்கச் சொல்கிறது. 96 பத்தால் வகுபடாது. 72 என்றால் 8 பாகம், பாகத்துக்கு 9 கண்ணி. பின்னிப் பார்த்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள். படத்திலும் கண்ணிகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பாமல் தோல்போல வழிந்திருந்தன. கணினி உருவாக்கிய படங்களைப் போட்டு விற்கும் குறிப்புகள் இப்போது ஏராளம். அடர்த்தி அளவும் (10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்பது), வரிசை முடிவில் கண்ணி எண்ணிக்கையும், உள்பக்கப் படமும் இல்லாத குறிப்பை வாங்காதீர்கள்.

அதே குறிப்பு கழுத்தில் ரிப்பன் கோர்க்கச் சொல்கிறது. வேண்டவே வேண்டாம், கழுத்தை இறுக்கும். பூட்டீஸின் (குழந்தையின் பின்னல் காலணி) உள்பக்கம் இரண்டு நிற நூலை நீளமாக ஓடவிடச் சொல்கிறது. அந்தத் தொங்கல் நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். குழந்தை காரணம் தெரியாமல் அழும், சாக்ஸைக் கழற்றிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. பூட்டீஸும் கையுறையும் ஒரே நிறத்தில், உள்பக்கம் வால் நூல்கள் முழுக்க நெய்து மறைத்ததாக இருக்கட்டும். பொத்தானைப் பசையால் ஒட்டச் சொல்வதையும் ஒதுக்குங்கள்; கழன்றால் தொண்டையில் அடைக்கும். முடி உதிரும் மொஹேர், அங்கோரா நூல்களும் கைக்குழந்தைக்கு வேண்டாம். ஒரு வயதுவரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பரிசு கொடுக்கும்போதே, மடியில் வைத்திருக்கும்போது போர்த்த, தரையில் விரிக்க என்று சொல்லிக் கொடுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற: பார்சல் பிரிக்கும்போதே லேபிள், பந்து, தராசு மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். பிளீச் சோதனையின் தொடக்கத்தையும் முடிவையும் எடுங்கள். ஒரு பந்தில் மட்டும் சோதித்து, மற்றவற்றைப் பட்டை பிரிக்காமல் வையுங்கள். ‘பிரித்த பந்து’ என்ற வாதம் அப்போது எடுபடாது. காரணம் கேட்டால் ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்பதையே தேர்ந்தெடுங்கள், ‘பிடிக்கவில்லை’ என்று ஒருபோதும் வேண்டாம். பேச்செல்லாம் வாங்கிய தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். தொலைபேசிக்கு வரச் சொல்வார்கள், புகாரை எடுத்துவிட்டால் பாதிப் பணம் என்பார்கள். எடுத்த பிறகு அந்தப் பாதியும் வராது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் எழுத்தில் முறையிடலாம்.

இனி வாங்கும்போது ஒரே ஒரு பந்தை முதலில் வாங்குங்கள். டிகே நூலில் பிறந்த குழந்தைக் குல்லாவுக்கு 25 முதல் 30 கிராம், பூட்டீஸ் ஜோடிக்கு 20 கிராம் அளவில் ஆகும். ஆகவே சோதனை போக அந்தப் பந்தும் வீணாகாது. ஸ்வெட்டருக்கு 150 கிராம், 75 செ.மீ.க்கு 90 செ.மீ. போர்வைக்கு 400 கிராம் வரை வேண்டும். பந்து தேறினால், அதே சாயத் தொகுதியில் மீதியைச் சில நாள் ஒதுக்கி வைக்கக் கேளுங்கள். ஒரு பந்து தனியாகத் தரமாட்டோம், தொகுதி எண் சொல்லமாட்டோம் என்பவரிடம் குழந்தைக்கான நூல் வாங்காதீர்கள்.