ஜெர்க்கா, ஸ்டூவா, ஜமைக்கா கறியா? சுகர் உள்ள வீட்டுக்கு எந்தக் கோழி?

கப்பல்ல சமையல் வேலை பாக்குற எங்க கொழுந்தன் போன லீவுக்கு மார்த்தாண்டம் வந்தப்ப ஒரு பாட்டில் ஜெர்க் மசாலா, அதாவது ஜமைக்கால கோழில பூசிச் சுடுற காரமசாலா, கொண்டு வந்தான். எனக்க மாமனாருக்கு சுகர் இருக்கு, பன்னெண்டு வருஷமா மாத்திரை. நான் யோசிச்சுட்டு நிக்கேன், மாமா என்னடான்னா "கோழில எங்க மக்களே சுகர் இருக்கு, நீ போடு"ன்னுட்டாரு. அவரு சொன்னது சரிதான், கோழில கார்ப், அதாவது சுகர ஏத்துற மாவுச்சத்தும் சர்க்கரையும், கிடையாது. ஆனா அன்னைக்கு அந்த பாட்டில் மசாலாவ தாராளமா பூசி, கூட மரச்சீனிக்கிழங்கு அவிச்சு வெச்சு, சாப்பிட்டு ரெண்டு மணிநேரம் கழிச்சு குத்திப் பாத்தா 241. அப்புறம்தான் பாட்டில் லேபிள வாசிச்சேன், சேர்மானப் பட்டியல்ல சீனி ரெண்டாவது இடத்துல இருக்கு, அந்தப் பட்டியல எடை கூடுனதுல இருந்துதான் எழுதுவாங்க.

அதுல இருந்து மூணு மாசமா கரீபியன் கோழிய மூணு விதமா மாறி மாறி வெச்சுப் பாத்தாச்சு.

மொதல்ல கழிஞ்சது ட்ரினிடாட் ஸ்டூ, ட்ரினிடாட்டும் ஜமைக்கா மாதிரி ஒரு கரீபியன் தீவுதான். எண்ணெய்ல ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் சீனியப் போட்டு கருப்பாகுற வரைக்கும் காய்ச்சி, அதுல கோழியப் போட்டுப் புரட்டுறதுதான் அந்தக் கறிக்கே உயிரு. ஒரு டேபிள்ஸ்பூன் சீனின்னா 12 கிராம் கார்ப், கருகுனா சீனி எல்லாம் போயிரும்னு நெனைக்காதீங்க, முழுசா போகாது. பக்கத்து வீட்டு அக்கா "சீனிக்குப் பதிலா கருப்பட்டி போடு, அது சுகருக்கு ஒண்ணும் செய்யாது"ன்னாங்க. நம்ம ஊர்ல இத நம்பாத வீடு கம்மி, ஆனா கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், மீட்டருக்கு பனையும் தெரியாது கரும்பும் தெரியாது.

ஜமைக்கா கறி பரவால்ல. 1845-ல இருந்து நம்ம நாட்டு ஆளுங்கள கரும்புத் தோட்டக் கூலிக்குக் கப்பல் ஏத்திக் கொண்டு போனாங்கல்லா, அவங்க வழியா போன கறிதான் அது, கறிமசாலாவ எண்ணெய்ல லேசா கருக விட்டு மஞ்சள் தூக்கலா வெப்பாங்க. சீனி வேண்டாம், ஆனா உருளக்கிழங்கு உள்ள போகும். கிழங்க எடுத்துட்டா அது நம்ம கோழிக்கறிதான், அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு. ஜலதோஷம் பிடிச்ச நாளைக்கு வெப்பேன், மத்தபடி இல்ல.

எனக்கு ஜெர்க்தான், ஆனா பாட்டில் இல்லாத ஜெர்க். இது அடிமை வேலைல இருந்து தப்பிச்சு ஜமைக்கா மலைக்குள்ள ஒளிஞ்சு வாழ்ந்த மரூன் மக்கள்கிட்ட இருந்து வந்த சமையல், போஸ்டன் பேன்னு ஒரு கடற்கரை இதுக்குப் பேர் போனது. உயிரான சாமான் ஆல்ஸ்பைஸ், நம்ம பக்கம் சர்வசுகந்தின்னு சொல்றோமே, பிரியாணிக்கு இலை பறிக்கிற மரம், அதேதான். அங்க காய உணக்கிப் பொடிப்பாங்க, அந்த மரத்து விறகுலயே கோழியச் சுடுவாங்க. எனக்குக் காய் கிடைக்கல, அதனால கிராம்பு நாலு, விரல் நீளம் பட்டை, ஜாதிக்கா கால்வாசி துருவி எடுத்துக்கிட்டேன், மூணும் நம்ம மலைல விளையுறதுதான், ஆல்ஸ்பைஸ் வாசம் இந்த மூணும் கூடுன மாதிரிதான் இருக்கும். ஸ்காட்ச் பானட் மிளகாய்க்கு காந்தாரி எட்டு. தைம் இலைக்கு நம்ம கற்பூரவல்லி, இது ஏமாத்து வேலை இல்ல, ட்ரினிடாட்ல இதே செடிய அரிஞ்சுதான் மசாலால சேக்காங்க. அதோட சின்ன உள்ளி ஒரு கை, பூண்டு, இஞ்சி, நல்லமிளகு ஒரு ஸ்பூன், எலுமிச்சம்பழம் ஒண்ணு. சோயா சாஸ் ஒரே ஒரு டீஸ்பூன், அது ஒரு டேபிள்ஸ்பூன் விட்டாலே 900 மில்லிகிராம் கிட்ட சோடியம், மாமாவுக்கு பிரஷரும் உண்டு, அதனால உப்பையும் கொறச்சுக்குவேன்.

இவ்வளவையும் அரைச்சு தோல் உரிச்ச முக்கா கிலோ தொடைக்கறில ஆழமா கீறிப் பூசி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிரணும். சீனி போடாம அந்தக் கருநிறம் வருமான்னு எனக்கும் சந்தேகம்தான், ஆனா உள்ளில இருக்குற இனிப்பே ஓரத்துல கருகி நல்லாவே நிறம் குடுக்குது.

வேக வைக்க ஏர் ஃப்ரையரா இரும்புச்சட்டியான்னா, ஏர் ஃப்ரையர்ல 200 டிகிரில 25 நிமிஷம், எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும், வேலை லேசு. ஆனா வாசத்துக்கு சட்டிதான். சட்டில சர்வசுகந்தி இலைய ரெண்டடுக்கா பரத்தி அதுக்கு மேல கோழிய அடுக்கி மூடி போட்டு சிம்ல வெச்சா, பத்து நிமிஷத்துல இலை சுருண்டு லேசா புகையும், அந்தப் புகை கோழில ஏறும், மாமா முன்வாசல்ல இருந்து "என்னவாக்கும் இது, பிரியாணியா?"ன்னு கேட்டுட்டே அடுக்களைக்கு வந்துட்டாரு. அரைமணிநேரம் ஆகும், கடைசில மூடிய எடுத்து ரெண்டு பக்கமும் கருக விடணும். எலும்போரம் சிவப்பு நிக்காமப் பாத்துக்கோங்க.

இனிதான் அசல் சண்டை, தொட்டுக்க என்ன? ஜமைக்காவுல ஞாயித்துக்கிழமைன்னா தேங்காப்பால்ல பயறு போட்டு வடிக்கிற சோறு. மரச்சீனிய துருவிப் பிழிஞ்சு பாமின்னு ஒரு அடையும் சுடுவாங்க, பழுத்த ஏத்தம்பழத்தப் பொரிச்சும் வெப்பாங்க. கேக்கும்போதே நம்ம ஊரு மாதிரி இருக்குல்லா, வம்பும் அதுதான். 100 கிராம் மரச்சீனில 38 கிராம் கார்ப், வெந்த சோத்துல 28. ரெண்டு துண்டோட யாரு நிறுத்துறா? அவிச்ச பயறுல 20 கிராம் போல இருக்கும், ஆனா நார்ச்சத்தும் கூட இருக்குறதுனால சுகர் மெதுவாத்தான் ஏறும். அதனால தட்டுல பாதி முட்டகோஸ் துவரனும் வெள்ளரிக்காயும், கால்வாசி கோழி, மிச்ச கால்வாசில பெரும்பயறு, அதுல தேங்காப்பால் ரெண்டே ஸ்பூன். காலிஃப்ளவர துருவி சோறுன்னு வெச்சுப் பாத்தேன், மாமா ஒரு வாய் வெச்சுட்டு தட்ட நகத்திட்டாரு, அத விட்டாச்சு. பயறு வெச்ச ராத்திரி 158 காட்டுச்சு, ஒரு ராத்திரி கணக்க வெச்சு பெருசா பேசக் கூடாது, ஆனா அதே மாத்திரை, அதே நேரம். ஒண்ணு மட்டும், இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்குறவங்களும் சோறு கிழங்க மொத்தமா நிறுத்திராதீங்க, லோ சுகர் ஆயிரும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு கொறைங்க.

மாமா இப்போ பேரம் பேசி மாசத்துல ஒரு நாள் ரெண்டு துண்டு கிழங்கு வாங்கிட்டாரு, அன்னைக்கு பயறு கிடையாது. கொழுந்தன் நேத்து போன் போட்டு "மைனி, அடுத்த லீவுக்கு எத்தன பாட்டில் வேணும்"னு கேட்டான். பாட்டில் வேண்டாம், உணக்குன ஆல்ஸ்பைஸ் காய் கால்கிலோ போதும்னேன்.