நாளமில்லாச் சுரப்பி பிரிவு: பொறுமையாகப் பார்க்கிறார்கள்

என் தங்கைக்கு 31 வயது. முகம் உருண்டு, மாதவிலக்கு நின்று, தாடையில் முடி வளர ஆரம்பித்தது. வேறொரு இடத்தில் ஒன்றரை வருடம் பிசிஓடி என்றே மாத்திரை கொடுத்தார்கள். எடை குறையவில்லை என்று திட்டு வேறு.

இங்கே டாக்டரம்மா முதலில் பார்த்தது அவள் வயிற்றைத்தான். விரலகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள். "பிள்ளையே பெறாத பொண்ணுக்கு இது ஏம்மா வரணும்?" என்றார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அவளால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் (கார்டிசோல் சுரப்பதை அடக்கிப் பார்க்கும் ஸ்டீராய்டு மாத்திரை), காலை 8 மணிக்கு ரத்தப் பரிசோதனை. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோல் 1.8 மைக்ரோகிராமுக்குக் (ஒரு டெசிலிட்டருக்கு) கீழே இறங்கியிருக்க வேண்டும், 17-ல் நின்றது. கார்டிசோலைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் ஹார்மோன் மிகக் குறைவு. அதனால் கோளாறு பிட்யூட்டரியில் இல்லை, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் என்று தாளில் வரைந்தே காட்டினார். சிடி-யில் இடப்பக்க அட்ரீனலில் 3 சென்டிமீட்டர் கட்டி, அதுதான் கார்டிசோலை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. லேப்ராஸ்கோபியில் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை.

டோக்கன் போட்டாலும் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் தமிழில் எழுதிக் கொடுத்த அட்டை. கட்டி சுரந்ததால் வேலையில்லாமல் தூங்கிப்போன மறுபக்க அட்ரீனல் விழிக்கும்வரை, கார்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது, காய்ச்சல் என்றால் இரட்டிப்பு, வாந்தி நிற்காவிட்டால் உடனே ஊசி. அந்த அட்டை இன்னும் அவள் பர்ஸில்தான் இருக்கிறது.